நியூஸ் சர்வரில் உள்நுழைவைச் சோதிப்பது: டெர்மினலில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யூஸ்நெட் என்ற இணைய விவாத வலையின் செய்திக்குழுக்களைத் தரும் நியூஸ் சர்வர் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ஏற்கிறதா, ஏற்காவிட்டால் எந்த இடத்தில் தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பக்கத்தின் வேலை. வெளியிலிருந்து பார்க்க, மறையாக்கிய இணைப்பைத் திறக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளை. சர்வருக்கு உள்ளிருந்து பார்க்க, ஐஎன்என் என்ற நியூஸ் சர்வர் மென்பொருளோடு வரும் 'சிகேபாஸ்டபிள்யூடி' என்ற சிறு நிரல். முதற்பாதி எல்லாப் பயனர்களுக்கும் பொருந்தும். பிற்பாதி ஐஎன்என் சர்வரை நடத்துபவர்களுக்கு.

தண்டர்பேர்டிலேயே போட்டுப் பார்த்தால் தெரியாதா?

வேலை செய்தால் தெரியும். செய்யாவிட்டால் ஒன்றும் தெரியாது. தண்டர்பேர்ட் போன்ற செய்தி வாசிப்பான்கள் பல காரணங்களை ஒரே பெட்டியில் அடைத்து "உள்நுழைய முடியவில்லை" என்று சொல்லிவிடும். பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்துக்கொண்டு, நீங்கள் புதிதாக மாற்றிய பிறகும் அதையே அனுப்பிக்கொண்டிருப்பதும் உண்டு. டெர்மினலில் சர்வர் சொல்லும் மூன்று இலக்க எண் அப்படியே கண்ணில் படும். பாதிச் சிக்கல் அந்த எண்ணிலேயே தீர்ந்துவிடும்.

கட்டளைகளை இங்கே இருக்கிறபடியே தட்டலாமா?

இல்லை. ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம்; தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். சிகேபாஸ்டபிள்யூடி என்பது சி, கே என்ற இரண்டு எழுத்துகளும், லினக்ஸில் கடவுச்சொல் மாற்றும் கட்டளையின் பெயரும் இடைவெளியில்லாமல் சேர்ந்தது.

டெல்நெட் போதுமா, ஓப்பன்எஸ்எஸ்எல் வேண்டுமா?

போர்ட்டைப் பொறுத்தது, அதாவது சர்வரில் எந்த எண்ணுள்ள வாசலில் இணைகிறீர்கள் என்பதை. 119 மறையாக்கம் இல்லாத பழைய போர்ட். அதற்கு, வெறும் எழுத்தாகப் பேசும் டெல்நெட் போதும். 563 தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் என்ற மறையாக்கம். அங்கே டெல்நெட் போட்டால் இணைந்த மாதிரி காட்டிவிட்டு ஒரு வரிகூட வராமல் நிற்கும். அதைப் பார்த்து "சர்வர் செத்துவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8143 என்ற இணைய நெறி ஆவணம் இந்த 563 முறையைத்தான் பரிந்துரைக்கிறது. உண்மையான கடவுச்சொல்லை 119-இல் திறந்த வரியாக அனுப்புவது, உங்கள் சொந்தக் கணினிக்குள்ளேயே நடக்கும் சோதனை தவிர, வேண்டாம்.

இணையக் கட்டளைக் கருவியான கர்ல், நியூஸ் சர்வர்களின் நெறிமுறையான என்என்டிபியைப் பேசாது. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

563-இல் இணைப்பது எப்படி?

ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -கனெக்ட் நியூஸ்.எக்ஸாம்பிள்.நெட்:563 -சிஆர்எல்எஃப் -கொயட்

-சிஆர்எல்எஃப் ஆப்ஷனை விட்டுவிடாதீர்கள். என்என்டிபியில் ஒவ்வொரு வரியும் சிஆர், எல்எஃப் என்ற இரண்டு குறிகளோடு முடிய வேண்டும். லினக்ஸில் என்டர் விசை எல்எஃப் மட்டும்தான் தரும். சில சர்வர்கள் பொறுத்துக்கொள்ளும். சில, வரி இன்னும் முடியவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டே இருக்கும்.

-கொயட் சான்றிதழ் விவரங்களின் குவியலை மறைக்கும். அதைவிட முக்கியமாக, எழுத்துகளைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் எஸ்_கிளையன்டின் பழக்கத்தை நிறுத்தும். அது இல்லாவிட்டால், பெரிய எழுத்துக் 'கியூ'வில் தொடங்கும் வரியை எஸ்_கிளையன்ட் தனக்கான ஆணையாக எடுத்துக்கொண்டு இணைப்பை அறுத்துவிடும். பெரிய எழுத்து 'ஆர்' என்றால் டிஎல்எஸ் பேச்சுவார்த்தையை மறுபடி தொடங்கப் பார்க்கும். 'குவிட்' என்று பெரிய எழுத்தில் தட்டியதும் சர்வரின் 205 பதில் வராமலே இணைப்பு போய்விடுகிறது என்ற புகாரின் காரணம் இதுதான். என்என்டிபி கட்டளைகளுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. ஆகவே எப்போதும் சிறிய எழுத்திலேயே தட்டிப் பழகுவது நல்லது.

119-இல் இணைந்து பிறகு டிஎல்எஸ்ஸுக்கு மாறுவதை எப்படிச் சோதிப்பது?

போர்ட்டை 119 ஆக்கி, -ஸ்டார்ட்டிஎல்எஸ் என்என்டிபி என்ற ஆப்ஷனைச் சேருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய பதிப்புகளில் இந்த வசதி இல்லை. சர்வர் சம்மதித்தால் 382 சொல்லும். முடியாது என்றால் 580.

இணைந்த பிறகு என்ன தட்ட வேண்டும்?

முதலில் சர்வர் பேசட்டும். 200 என்றால் எழுதவும் அனுமதி உண்டு. 201 என்றால் படிக்க மட்டும். 400 என்றால் தற்காலிகமாக இல்லை. 502 என்றால் உங்கள் முகவரிக்கே கதவு சாத்தியிருக்கிறது. கடவுச்சொல் பற்றிய பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை. வாழ்த்து வந்த பிறகு இந்த வரிசை:

கேப்பபிலிட்டீஸ்
மோட் ரீடர்
ஆத்இன்ஃபோ யூசர் சோதனை1
ஆத்இன்ஃபோ பாஸ் கடவுச்சொல்
குரூப் (நீங்கள் படிக்கும் ஒரு குழுவின் பெயர்)
குவிட்

முதல் கட்டளைக்கு 101 என்ற எண்ணும், அதன்பின் ஒரு பட்டியலும், கடைசியில் தனி வரியில் ஒரு புள்ளியும் வரும். பட்டியலில் 'ஆத்இன்ஃபோ யூசர்' என்று இருந்தால் வழி திறந்திருக்கிறது. 'ஆத்இன்ஃபோ' மட்டும் இருந்து 'யூசர்' இல்லாவிட்டால், இந்த இணைப்பின் இப்போதைய நிலையில் சர்வர் வெறும் கடவுச்சொல்லை ஏற்கத் தயாரில்லை என்று பொருள். பெரும்பாலும் டிஎல்எஸ் இல்லாததுதான் காரணம். 'மோட் ரீடர்' உள்நுழைவுக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல. பட்டியலிலேயே 'ரீடர்' இருந்தால் அதை அனுப்பத் தேவையும் இல்லை.

கடவுச்சொல் திரையில் தெரியும். பக்கத்தில் யாரும் இல்லாதபோது செய்யுங்கள், அல்லது அதற்கென்றே ஒரு சோதனைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுவதற்கு முன்பே இணைப்பு அறுந்துவிடுகிறது. ஏன்?

ஐஎன்என்னில் வாசகர் இணைப்பைக் கவனிக்கும் நிரலான என்என்ஆர்பிடி, முதல் கட்டளைக்காக இயல்பாக 10 விநாடிதான் காத்திருக்கும். இனிஷியல்டைம்அவுட் என்ற அமைப்பு அது. கையால் தட்டும்போது 10 விநாடி சீக்கிரம் ஓடிவிடும். கட்டளைகளை வேறொரு சன்னலில் எழுதி வைத்து ஒட்டுங்கள். முதல் கட்டளை போய்விட்டால் அவசரம் இல்லை.

பதில் எண்களுக்கு என்ன பொருள்?

2006-இல் வந்த ஆர்எஃப்சி 4643 விளக்குபவை இவை. 381: பெயர் வந்தது, கடவுச்சொல்லைக் கொடு. 281: ஏற்றுக்கொண்டேன். 481: மறுத்தேன். 482: வரிசை தவறு, பெயர் சொல்லாமல் கடவுச்சொல்லை அனுப்பினால் வரும். 483: முதலில் மறையாக்கம் வேண்டும். 480 சற்று வேறு: நீங்கள் கேட்ட காரியத்துக்கு உள்நுழைவு தேவை என்கிறது, உள்நுழைவு தோற்றது என்று சொல்லவில்லை. 480-ஐயும் 481-ஐயும் குழப்பிக்கொண்டு கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் நிறைய.

ஏற்கெனவே உள்நுழைந்த இணைப்பில் மறுபடி ஆத்இன்ஃபோ அனுப்பினால் 502 வரும். இரண்டாவது கடவுச்சொல்லைச் சோதிக்கப் புதிய இணைப்பு தேவை. 381 வராமல் பெயருக்கே நேராக 281 வந்தால் அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல் தேவையில்லை என்று சர்வர் கருதுகிறது. சர்வர் உங்களுடையதானால் உடனே கவனியுங்கள்.

பணம் கட்டிப் பயன்படுத்தும் சேவைகள், இணைப்பு எண்ணிக்கை மீறியதற்கும் கணக்கு காலாவதியானதற்கும் இதே எண்களைத் தங்கள் விருப்பப்படி பயன்படுத்துவது உண்டு. அங்கே எண்ணுக்குப் பின்னால் வரும் வாக்கியத்தையும் படியுங்கள்.

எல்லா வரிகளையும் ஒரே மூச்சில், கிடைத்ததை அப்படியே சர்வருக்கு அனுப்பும் நெட்கேட்டுக்குத் தரலாமா?

கூடாது. ஆத்இன்ஃபோ கட்டளைகளைப் பதிலுக்குக் காத்திராமல் அடுக்கி அனுப்பக் கூடாது என்பது விதி. சில சர்வர்கள் கண்டுகொள்ளாது. சிலவற்றில் பெயருக்கான பதில் வருவதற்குள் கடவுச்சொல் வரி தொலைந்துபோய், சரியான கணக்குக்கே 482 கிடைக்கும். ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள் என்றால் வரிகளுக்கு நடுவே ஸ்லீப் 1 போடுங்கள். டெபியனில் வரும் ஓப்பன்பிஎஸ்டி வகை நெட்கேட்டில் வரிமுடிவைச் சரிசெய்யப் பெரிய எழுத்து -சி ஆப்ஷன் உண்டு.

இன்னொன்று: எஸ்_கிளையன்டில் -கொயட் போட்டிருந்தால் உள்ளீடு தீர்ந்த பிறகும் இணைப்பு மூடாது. ஸ்கிரிப்டின் கடைசி வரியாகக் 'குவிட்' இல்லாவிட்டால், சர்வர் சலித்துப்போய் அறுக்கும்வரை ஸ்கிரிப்ட் தொங்கிக்கொண்டிருக்கும்.

கடவுச்சொல்லில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருக்கலாமா?

இடைவெளியை ஏற்பதும் ஏற்காததும் சர்வரின் விருப்பம் என்று ஆர்எஃப்சி விட்டுவிட்டது. ஏற்காத சர்வர், வரியை இடைவெளியில் வெட்டிவிட்டு இலக்கணப் பிழை என்று 501 சொல்லும். தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8 ஆகப் போக வேண்டும். டெர்மினல் அப்படி அமைந்திருந்தாலும் வாசிப்பான்கள் எல்லாம் அப்படி அனுப்பும் என்று நம்ப முடியாது. கட்டளை வரி முழுவதும் வரிமுடிவோடு சேர்த்து 512 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

281 வந்துவிட்டது. சோதனை முடிந்ததா?

இல்லை, பாதிதான். இன்னும் இரண்டு பார்க்க வேண்டும்.

ஒன்று, குழுவைத் திறப்பது. 'குரூப்' கட்டளைக்கு 211 வந்து, கட்டுரை எண்ணிக்கையும் முதல், கடைசி எண்களும் கிடைத்தால்தான் அனுமதி உண்மையில் கிடைத்ததாகப் பொருள். 411 என்றால் அப்படியொரு குழு இல்லை, அல்லது உங்கள் கண்ணுக்கு மறைத்திருக்கிறார்கள். 'டேட்', 'ஹெல்ப்' போன்றவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்நுழையாதவருக்கும் பல சர்வர்கள் அவற்றுக்குப் பதில் தரும்.

இரண்டு, தவறான கடவுச்சொல் மறுக்கப்படுகிறதா என்று பார்ப்பது. இதைச் செய்யாத சோதனைக்கு மதிப்பில்லை. யார் வந்தாலும் ஏற்கும்படி அமைப்பு சிதைந்திருந்தாலும் உங்கள் கணக்குக்கு 281 வரத்தான் செய்யும். தவறான கடவுச்சொல்லை உருவாக்கும்போது சரியானதன் கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்க்காதீர்கள். முதல் எழுத்தை மாற்றுங்கள். பழைய டிஇஎஸ் முறையில் குறியாக்கிய கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கில் வரும். ஒன்பதாவதாக எதைச் சேர்த்தாலும் சர்வர் ஏற்றுக்கொள்ளும். நீங்கள் சர்வரில் ஓட்டை என்று பயந்துபோவீர்கள். டிஇஎஸ் இருப்பதே ஓட்டைதான் என்பது வேறு விஷயம்.

சான்றிதழ் பிழை உள்நுழைவைக் கெடுக்குமா?

எஸ்_கிளையன்ட் சான்றிதழ் சரியில்லாவிட்டாலும் எச்சரித்துவிட்டு மேலே போகும், வாசிப்பான் போகாது. அதனால் "டெர்மினலில் வேலை செய்கிறது, தண்டர்பேர்டில் இல்லை" என்ற நிலை வரும். -வெரிஃபை_ரிட்டர்ன்_எரர் ஆப்ஷனும், சர்வர் பெயரோடு -வெரிஃபை_ஹோஸ்ட்நேம் ஆப்ஷனும் சேர்த்து ஓட்டினால் எஸ்_கிளையன்டும் கண்டிப்பாகிவிடும். -கொயட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் சரிபார்ப்பு எண் தெரியும்: 0 சரி; 10 காலாவதி; 18 தனக்குத்தானே கையொப்பமிட்டது; 62 பெயர் பொருந்தவில்லை. 20, 21 இரண்டும் வந்தால் பெரும்பாலும் சர்வர் இடைச் சான்றிதழை அனுப்பவில்லை. அதைச் சரிசெய்ய வேண்டியவர் சர்வர்காரர், நீங்கள் அல்ல.

சிகேபாஸ்டபிள்யூடி என்ன செய்கிறது?

ஐஎன்என்னில் என்என்ஆர்பிடி கடவுச்சொல்லைத் தானே சரிபார்ப்பதில்லை. வாசகர் அனுமதிகளை எழுதும் ரீடர்ஸ்.கான்ஃப் கோப்பில் நீங்கள் குறிப்பிட்ட நிரலைக் கூப்பிட்டு, பெயரையும் கடவுச்சொல்லையும் அதன் உள்ளீட்டில் எழுதும். அந்த நிரல் சரி என்றால் 'யூசர்:' என்ற சொல்லோடு பெயரை ஒட்டி ஒரு வரி வெளியிட்டு 0 என்ற நிலையில் முடியும்; இல்லையென்றால் பிழைச் செய்தியோடு வேறு எண்ணில் முடியும். சிகேபாஸ்டபிள்யூடி அப்படிப்பட்ட ஒரு நிரல். ஐஎன்என்னின் நிரல் அடைவில் 'ஆத்' என்ற துணை அடைவுக்குள் கடவுச்சொல் நிரல்களுக்கான அடைவில் இருக்கும். நெட்வொர்க்கே இல்லாமல் இதைத் தனியாக ஓட்டலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி.

தனியாக ஓட்டுவது எப்படி?

சூடோ -யூ நியூஸ் சிகேபாஸ்டபிள்யூடி -எஃப் (கடவுச்சொல் கோப்பு) -யூ சோதனை1 -பி 'கடவுச்சொல்'

நிரலுக்கும் கோப்புக்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். -யூ, -பி இரண்டும் சோதனைக்காகவே இருப்பவை. ஒன்று இருந்தால் மற்றதும் வேண்டும். ரீடர்ஸ்.கான்ஃபில் இவற்றை எழுதாதீர்கள்.

'சூடோ -யூ நியூஸ்' பகுதியை விட்டுவிட்டு ரூட்டாக ஓட்டுவது மிகப் பரவலான தவறு. ரூட் எந்தக் கோப்பையும் படிக்கும். என்என்ஆர்பிடி ஓடுவது நியூஸ் பயனராக. கடவுச்சொல் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக, 600 அனுமதியோடு இருந்தால் உங்கள் சோதனை வெற்றி, வாசகர் அத்தனை பேருக்கும் 481. கோப்பு நியூஸ் பயனருக்குச் சொந்தமாக, 600 அல்லது 640 அனுமதியோடு இருக்கட்டும்.

கடவுச்சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இரட்டை மேற்கோளில் டாலர் குறியையும் ஆச்சரியக்குறியையும் ஷெல் தன் பங்குக்கு மாற்றிவிடும். கட்டளை வரியில் தட்டியது ஓடும் நேரத்தில் செயல்முறைப் பட்டியலிலும், பிறகு ஷெல்லின் வரலாற்றுக் கோப்பிலும் தெரியும் என்பதால் சோதனைக் கணக்கை மட்டுமே இப்படிப் பயன்படுத்துங்கள்.

என்என்ஆர்பிடி கூப்பிடுவது போலவே சோதிக்க முடியுமா?

முடியும், இதுதான் நம்பகமான வழியும்கூட. -யூ, -பி இல்லாமல் நிரலை ஓட்டி, பிரிண்ட்எஃப் மூலம் மூன்று வரிகளைக் குழாய்வழி அனுப்புங்கள்:

கிளையன்ட்ஆத்நேம்: சோதனை1
கிளையன்ட்பாஸ்வேர்ட்: கடவுச்சொல்
.

மூன்றாவது வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் சிஆர், எல்எஃப் இரண்டும் வேண்டும். இங்கே கிளையன்ட், ஆத், பாஸ்வேர்ட் ஆகியவற்றின் முதல் எழுத்துகள் மட்டும் பெரிய எழுத்தில். ஆத்நேம் ஒரே சொல், அதில் 'என்' சிறிய எழுத்து.

கடவுச்சொல் கோப்பை எப்படி உருவாக்குவது? சரியாகத்தான் செய்தேன், ஆனால் ஏற்க மறுக்கிறது.

ஒரு வரிக்கு ஒருவர்: பெயர், முக்காற்புள்ளி, குறியாக்கிய கடவுச்சொல். அதற்குப் பின் இன்னொரு முக்காற்புள்ளியும் வேறு தகவலும் இருந்தால் சிகேபாஸ்டபிள்யூடி பொருட்படுத்தாது. # குறியில் தொடங்கும் வரி குறிப்பாகக் கருதப்படும்.

மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அப்பாச்சி வலை சர்வரோடு வரும் எச்டிபாஸ்டபிள்யூடி என்ற கடவுச்சொல் கருவி. அது இயல்பாக உருவாக்குவது $ஏபிஆர்1$ என்று தொடங்கும் அப்பாச்சியின் சொந்த வகை. கடவுச்சொல்லைக் குறியாக்கும் கணினியின் கிரிப்ட் செயல்கூறுக்கு அது புரியாது. -டி ஆப்ஷன் கொடுத்தால் புரியும் வகை வரும், ஆனால் அது மேலே சொன்ன 8 எழுத்து டிஇஎஸ். லினக்ஸில் இதைவிட நல்ல வழி 'ஓப்பன்எஸ்எஸ்எல் பாஸ்டபிள்யூடி -6'. அது கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, $6$ என்று தொடங்கும் எஸ்எச்ஏ-512 வரியைத் தரும். அதை அப்படியே முக்காற்புள்ளிக்குப் பின் ஒட்டுங்கள். விண்டோஸ் எடிட்டரில் திருத்திய கோப்பானால் வரிமுடிவில் ஒட்டிக்கொண்ட சிஆர் குறியை நீக்கிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு குறி குறியாக்கிய கடவுச்சொல்லின் பகுதியாகிவிடும்.

-எஃப் கொடுக்காமல், பிஏஎம் என்ற கணினியின் பொது உள்நுழைவுச் சரிபார்ப்பு அமைப்பின் ஆதரவோடு தொகுத்த நிரலை ஓட்டினால் அது அந்த அமைப்பைக் கேட்கும். சேவைப் பெயர் 'என்என்ஆர்பிடி'. அந்தப் பெயரில் பிஏஎம் கோப்பு இல்லாவிட்டால் கணினியின் பொதுவான விதிதான் பொருந்தும், பெரும்பாலும் மறுப்பு.

சிகேபாஸ்டபிள்யூடி சரி என்கிறது, வாசகருக்கு மட்டும் கதவு திறக்கவில்லை.

அப்படியானால் கடவுச்சொல்லை விட்டுவிட்டு ரீடர்ஸ்.கான்ஃபைப் பாருங்கள். அதில் இரண்டு வகைப் பகுதிகள் உண்டு. 'ஆத்' பகுதி இவர் யார் என்று முடிவு செய்யும். 'ஆக்சஸ்' பகுதி இவர் எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்யும். முதலாவதில் தேறியவர் இரண்டாவதில் எங்குமே பொருந்தாமல் போவது சாதாரணமாக நடக்கும்.

முதல் சந்தேகம் 'டிஃபால்ட்-டொமைன்'. ஆத் பகுதியில் அது இருந்தால் பயனர் 'சோதனை1' ஆக நிற்க மாட்டார். பெயருக்குப் பின்னால் @ குறியும் அந்த டொமைனும் சேர்ந்துவிடும். ஆக்சஸ் பகுதியின் 'யூசர்ஸ்' வரியில் வெறும் பெயர் இருந்தால் பொருந்தாது. இரண்டாவது, வரிசை. இந்தக் கோப்பில் பொருந்துபவற்றுள் கடைசியாக வருவதற்கே முன்னுரிமை. சிறப்பு விதியை மேலேயும் பொது விதியைக் கீழேயும் எழுதினால் பொது விதிதான் வெல்லும். ஃபயர்வால் விதிகளை எழுதிப் பழகிய கை தவறுவது இங்கேதான். மூன்றாவது, ஐபிவி6. 'ஹோஸ்ட்ஸ்' வரியில் ஐபிவி4 முகவரிகளை மட்டும் எழுதிவிட்டு, சர்வர் பெயருக்கு ஐபிவி6 முகவரியும் இருந்தால், வாசகர் அந்த வழியில் வந்து எதிலும் பொருந்தாமல் நிற்பார். எஸ்_கிளையன்டில் -4, -6 ஆப்ஷன்களை மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ரீடர்ஸ்.கான்ஃபைத் திருத்திய பிறகு ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பில் சோதிக்காதீர்கள்; புதிதாக இணையுங்கள். என்என்ஆர்பிடி எழுதும் பதிவுகள், கணினியின் பதிவேடான சிஸ்லாகின் நியூஸ் பிரிவில் விழும். டெபியனில் நியூஸ் பதிவு அடைவில் உள்ள நியூஸ்.நோட்டீஸ் கோப்பை இன்னொரு சன்னலில் டெயில் -எஃப் போட்டு வைத்துக்கொண்டு சோதித்தால் பாதி ஊகம் தேவைப்படாது.

பாஸ்டபிள்யூடி.என்என்டிபி கோப்பில் பயனரைச் சேர்த்தேன், பலனில்லை.

அது வேறு வேலைக்கானது. உங்கள் சர்வர் மற்றொரு சர்வரிடம் போகும்போது காட்ட வேண்டிய பெயரும் கடவுச்சொல்லும் திறந்த எழுத்தில் அதில் இருக்கும். உங்களிடம் வருகிற வாசகருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எஸ்ஏஎஸ்எல் ப்ளெயின் முறையை எப்படிச் சோதிப்பது?

பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரே வரியில் அனுப்பும் இன்னொரு உள்நுழைவு முறை இது. வெற்று பைட், பெயர், மறுபடி வெற்று பைட், கடவுச்சொல் என்ற வரிசையை பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக்கி, 'ஆத்இன்ஃபோ எஸ்ஏஎஸ்எல் ப்ளெயின்' என்ற கட்டளைக்குப் பின் ஒட்ட வேண்டும். பேஸ்64 ஆக்க எக்கோ வேண்டாம். அது கடைசியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்துவிடும், 481 நிச்சயம். பிரிண்ட்எஃப் பயன்படுத்துங்கள். பெயரோ கடவுச்சொல்லோ எண்ணில் தொடங்கினால், வெற்று பைட்டைக் குறிக்கும் பூஜ்யத்தோடு அந்த எண் ஒட்டி வேறு எழுத்தாகிவிடும்; அங்கே மூன்று பூஜ்யங்களாக எழுதினால் தப்பிக்கலாம். பேஸ்64 மறையாக்கம் அல்ல. எவரும் ஒரு கட்டளையில் திருப்பிப் படித்துவிடலாம். அதனால் இதையும் டிஎல்எஸ்ஸுக்குள்ளேயே செய்யுங்கள்.

தினமும் தானாக ஓடும் சோதனை வேண்டும். பைத்தானில் எழுதலாமா?

பைத்தானின் என்என்டிபி பேசும் தொகுதியான என்என்டிபிலிப், பைத்தான் 3.11-இல் கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டு, 3.13-இல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய ஸ்கிரிப்ட் புதிய கணினியில் திடீரென்று நின்றால் முதலில் இதைப் பாருங்கள். பெர்லின் நெட்::என்என்டிபி இன்னும் பெர்லோடு சேர்ந்தே வருகிறது. எதில் எழுதினாலும் ஒவ்வொரு சுற்றிலும் சரியான கணக்குக்கு 281-ம் 211-ம், தவறான கடவுச்சொல்லுக்கு 481-ம் எதிர்பாருங்கள். சுற்றுக்கு நடுவே சில நிமிடமாவது இடைவெளி விடுங்கள். அடுத்தடுத்துத் தோற்கும் முயற்சிகளைப் பார்த்து ஃபெயில்2பேன் போன்ற காவல் நிரல் உங்கள் கண்காணிப்புக் கணினியையே வெளியே தள்ளிவிடும்.